நான்கு விநாடி

திருப்பதியின் புது நினைவுக்கூடத்தில் மனோரமா பேனாவைத் திறந்துவிட்டாள். ஏரி உடைந்து கம்பெனி பஸ்ஸை அடித்துக்கொண்டு போனதில் இருபத்திரண்டு உடல்கள் கிடைத்தன. அவள் புருஷன் பக்கிரிசாமி மட்டும் கிடைக்கவில்லை. இறந்தவர் பட்டியலில் அவன் பெயரைச் சேர்க்க அவள் கையெழுத்து வேண்டும்.

"ஒருவாட்டி கேட்டுட்டுப் போடுங்கக்கா" என்று, கூடத்தில் ஒலிக்கப்போகும் அஞ்சலிக் கவிதையை எழுதிக் குரல் கொடுத்திருந்த சபீனா ஸ்பீக்கரைப் போட்டாள்.

காலை ஷிப்டின் அட்டெண்டன்ஸ்தான் கவிதை. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு நான்கு விநாடி மௌனம். பதில் வராது. அப்புறம் அடுத்த பெயர்.

"பக்கிரிசாமி" என்றது குரல். மறுகணமே அடுத்த பெயருக்குப் போய்விட்டது. அந்த அடுத்த பெயருக்குப் பிறகு நான்கு விநாடி மௌனம் சரியாகவே இருந்தது.

"இன்னாம்மா, அவுருக்கு மட்டும் நிக்கவே இல்ல?"

சபீனா ஸ்பீக்கரை நிறுத்தினாள். "மூணு வாட்டி திருத்தினேன்க்கா. மறுபடி மறுபடி இப்டியே ஆவுது."

மனோரமா பேனாவை மூடினாள்.

"பதில் வந்தாத்தானேம்மா நிக்காம அடுத்த பேருக்குப் போவாங்க? அவுரு வந்துட்டேன்னு குரல் குடுத்துக்கினு கீறாரு. நான் எப்டி இல்லன்னு கையெழுத்து போடறது?"