இரட்டைப் புள்ளி

"எவனோ ஒரு வீணாப்போனவன் என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டான் வினோ!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினான் மாறன். பௌர்ணமிக் கூட்டத்தில் டவுனிலிருந்து கிரிவலப் பாதையிலிருக்கும் அடி அண்ணாமலை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருந்தது. மீதியைக் கையிலிருந்த போன் வாங்கிவிட்டது.

குண்டானை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த வினோதினி பதறிப்போனாள். "என்னாச்சுங்க? கடையில ஏதாவது பிரச்சனையா?"

"கடை கெடக்குது. நம்ம 'கேளுங்க சொல்றோம்' சைட்டுலதான்..."

"அதானா!" அவளுக்கு மூச்சு வந்தது.

மாறன் செல்போன் கடையில் வேலை பார்ப்பது சம்பளத்துக்கு. வாழ்வதெல்லாம் அந்தக் கேள்வி-பதில் தளத்தில்தான். ஒரு பதிலுக்குப் பத்துப் புள்ளி. ஒரு நாள் முழுக்க யாரும் சீண்டாத கேள்விக்குப் பதில் சொன்னால் இரட்டைப் புள்ளி. இன்று அந்த இரட்டைப் புள்ளி மட்டும் கிடைத்திருந்தால் அவன் பெயருக்குப் பக்கத்தில் தங்க விளக்குப் படம் வந்திருக்கும். அதற்காக மனிதன் தவமாய்த் தவம் கிடந்தான்.

"நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பொண்ணு கேட்டிருந்தா. அவ அக்காவுக்குக் கால்ல கேலிப்பராம், நடக்கறதுக்கு மாட்டுற இரும்புச் சட்டம். இன்னிக்குக் கிரிவலம் நடந்தே சுத்தணும்னு வேண்டுதலாம். பாதி வழியில கேலிப்பரைக் கழட்டி, காலுக்கு ஒத்தடம் குடுக்க மறைவா ஒரு இடம் கிடைக்குமான்னு கேட்டா."

"உங்களுக்குத்தான் இந்தப் பாதை அத்துப்படியாச்சே!"

"பின்ன? நேத்தே முழுசா டைப் பண்ணி வெச்சுட்டேன். இன்னிக்கு ஏழு மணி அடிச்சதும் போடலாம்னு காத்துட்டிருந்தேன்."

"ஏழு மணிக்குள்ள அவங்க இந்தப் பக்கம் நடந்தே வந்துடுவாங்களேங்க. அப்புறம் பதில் யாருக்கு?"

மாறன் கொஞ்சம் முழித்தான். "அது... அடுத்த பௌர்ணமிக்கு வர்றவங்களுக்கு உதவுமில்ல?"

வினோதினி குண்டானை மூடினாள்.

"காலையிலயே எவனோ பதில் போட்டுட்டான். பேர்கூட இல்ல! லாகின் பண்ணாம போட்டா ஒரு புள்ளியும் கெடையாது. வைக்கப்போர் நாய் மாதிரி, தானும் தின்ன மாட்டான், தின்றவனையும் விடமாட்டான். இதே வேலையா இருக்கான் வினோ. போன வாரமும் இப்படித்தான் பண்ணான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன பதில் போட்டிருக்காங்க?"

"அதையெல்லாம் யார் படிக்கிறது? புள்ளி போச்சுன்னதும் மூடிட்டேன். உழைக்கிறவனுக்கு மரியாதை கம்மி, குறுக்க பூர்றவனுக்குத்தான் இடம் ஜாஸ்தி. இனிமே யாருக்கும் நான் ஒரு பதிலும் சொல்றதா இல்ல!"

"முதல்ல செருப்பைக் கழட்டுங்க."

அதற்குள் கேட் சத்தம் கேட்டது. மாறன் எட்டிப் பார்த்தான்.

இரண்டு பெண்கள். மூத்தவள் இளையவளின் தோளைப் பிடித்துக்கொண்டு, வலியில் உதட்டைக் கடித்தபடி நின்றிருந்தாள். புடவைக் கரைக்குக் கீழே கேலிப்பரின் இரும்பு தெரிந்தது.

"அண்ணா, நீலக் கேட்டு, வாசல்ல செம்பருத்தி... இந்த வீடுதானே?" என்றாள் இளையவள்.

"ஆமாம்மா. நீங்க?"

"நெட்டுல கேட்டிருந்தோம்ணா. ராத்திரி வரைக்கும் பார்த்தோம், ஒருத்தரும் பதில் சொல்லல. வேண்டுதலை விட்டுடலாம்னு அக்கா ஒரே அழுகை. காலையில உங்க பதிலைப் பார்த்த பிறகுதான் கிளம்பினோம். 'எங்க வீட்டுலயே உள்ரூம் இருக்கு, வெந்நீர் வெச்சிருப்போம், தயங்காம வாங்க'ன்னு போட்டிருந்தீங்களே!"

மாறனுக்கு அவமானமாக இருந்தது. போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினான்.

அக்காக்காரி கைகூப்பினாள். "ரொம்ப நன்றிங்க. நீங்கதானே அது?"

அவன் பதில் தேடுவதற்குள் உள்ளேயிருந்து வினோதினியின் குரல் வந்தது:

"அவங்களை உள்ள கூட்டிட்டு வாங்க. அந்த வீணாப்போனவன் வெந்நீரோட ரெடியா இருக்கான்!"