லண்டன் வரை போன பெயர்

நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடித்தால் புற்றுநோய் வரும் என்று டாக்டர் கிருஷ்ணப்பன் எழுதிய கட்டுரை, போன வருஷம் லண்டன் பத்திரிகையில் வந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். மெட்ராஸ் பேப்பர்களில் அவர் படம்கூட வந்தது. அப்படிச் சுருட்டுப் பிடிக்கும் காசிமேட்டு மீன்காரிகள்தான் அவரைக் கண்டாலே கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

இன்று கெங்கம்மா மட்டும் வாயைத் திறந்தாள். டார்ச் வெளிச்சத்தில் மேலண்ணத்துப் புண்ணைப் பார்த்ததும் அவர் டார்ச்சை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும்மா. தள்ளிப் போட்டா உயிருக்கே ஆபத்து."

"போவாதேக்கா! அங்க போனா பொணமாத்தான் வருவே!" பக்கத்துக் கூடைக்காரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். இவளும் எழுந்து போய்விட்டால்?

கெங்கம்மா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். சட்டென்று கையை உதறினாள்.

"வுடுடீ. இவுரு பெரிய டாக்டரு, எனக்குத் தெரியும். நான் வரேன் நைனா."

தன் கட்டுரை கடைசியில் இந்தக் கரைக்கும் வந்து சேர்ந்துவிட்டதே!

"என்னை எப்படிம்மா தெரியும்?"

அவள் மடியிலிருந்து ஒரு சுருட்டுக்கட்டை எடுத்து நீட்டினாள். லேபிளில், பேப்பரில் வந்த அவருடைய அதே படம். கீழே, 'டாக்டர் மார்க் சுருட்டு'.

"வாயி எரியுதுன்னு சுருட்டே வோணாம்னு வுட்டுட்டேன் நைனா. டாக்டரு மூஞ்சியே போட்டுகீதே, ஒண்ணும் பண்ணாதுன்னு, இத்தப் பாத்தப்புறந்தான் மறுபடி தகிரியமா புடிச்சிகினு கீறேன்."