லைன்மேனைக் கட்டிப் போட்டவர்கள்

தன்னைப் போய் எதற்காகக் கடத்தினார்கள் என்று லைன்மேனுக்குப் பிடிபடவே இல்லை.

"மாடியில ஒயர் புகையுது, ஓடி வாங்க" என்று கூப்பிட்டார்கள். ஓடி வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, நைலான் கயிற்றால் சுற்றிவிட்டார்கள். பிடுங்கிக்கொள்ள அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு ஸ்க்ரூடிரைவரும் கிழிந்த ரப்பர் கையுறையும்தான். கட்டியவர்கள் ஓர் அக்காவும், கண்ணாடி போட்ட தம்பியும்.

"கயிறு இறுக்குதாண்ணே? தளர்த்தட்டுமா?" அக்கா வேறு அக்கறையாக விசாரித்தாள்.

"தளர்த்தினா ஓடிடுவாருக்கா. நீ ஜன்னல்ல நின்னு டிரான்ஸ்ஃபார்மரைப் பாரு."

"ஒரு ஈ காக்கா இல்லடா. மாடல் நம்பர் சரிதானே? தப்பாப் போச்சுன்னா மொத்தமும் காலி!"

"எழுத்தெழுத்தாப் பார்த்துட்டேன். இருந்ததையெல்லாம் காப்பி எடுத்தாச்சு, பென்டிரைவும் ரெடி. ஆரம்பிச்சா பத்தே நிமிஷம். நடுவுல மட்டும் நிறுத்தவே கூடாது."

லைன்மேனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. கீழே நகைக்கடை! மாடல் நம்பர் என்றால் அங்கிருக்கும் பெட்டகத்துடையது. அலாரம் ஊமையாக வேண்டுமானால் தெருவுக்கே கரண்ட் போக வேண்டும். அதற்குத்தான் இவர்.

சம்மதித்தால் வேலை போகும், கூடவே மானமும் போகும். மறுத்தால் உயிரே போகலாம். கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார்:

"என்ன செஞ்சாலும் சரி, கரண்டை நிறுத்த மாட்டேன்!"

தம்பியின் முகம் மாறியது. கிட்டே வந்து குனிந்தான்.

"நிஜமாவா? பத்து நிமிஷம்கூடவா?"

"ஒரு நொடிகூட மாட்டேன்!"

"உங்க ஆபீஸ்லேர்ந்து நிறுத்தச் சொன்னா?"

"பெரிய ஆபீசரே வந்து கால்ல விழுந்தாலும் மாட்டேன்டா! வெட்டணுமா, வெட்டிக்கோ!"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கமான மனுஷன்டா. இவரைப் போய்க் கட்டிப் போட்டோமே!"

தம்பி மூலையிலிருந்த கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

"பயோஸ் அப்டேட்ண்ணே. கம்ப்யூட்டர் கண் முழிக்கிறதே அந்த புரோகிராமாலதான். அதை மாத்தி எழுதுறப்ப கரண்ட் போச்சுன்னா, அப்புறம் வெறும் தகர டப்பாதான். பழைய கம்ப்யூட்டர் அப்படித்தான் போச்சு, பாதியில நீங்க ஃப்யூஸைப் பிடுங்கிட்டீங்க."

லைன்மேன் குனிந்து கயிற்றைப் பார்த்தார்; அக்கா விளக்கினாள்:

"கரண்ட் போகாம இருக்க யூ.பி.எஸ். வாங்குன்னாங்க, விலை கேட்டோம், கரண்டை நிறுத்துற ஆளைக் கட்டிப் போட கயிறுதான் மலிவா இருந்துச்சு!"