சித்தேரிக்கு ஒரு டிக்கெட்

மாலை நாலே கால் மணி. மொரப்பூர் ஸ்டேஷனில் ஜோலார்பேட்டை பாசஞ்சரிலிருந்து இறங்கியவர்கள் ஆறு பேர். அதில் ஒருவன் கருப்பண்ணன். மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓட, அவன் மட்டும் எதிரே இருந்த லூர்தம்மாளின் இட்லிக் கடைக்குள் வந்து உட்கார்ந்தான்.

"ஒரு டீ குடுங்க அக்கா. என் சம்சாரம் செல்லி இங்க இருக்கிறதா சொன்னாங்க."

உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்த கல் சட்டென்று நின்றது.

"ஏ குள்ளம்மா," லூர்தம்மாள் திரும்பாமலே குரல் கொடுத்தாள். "கல்லு ஏன் நின்னுச்சு? காலையில வர்றவங்களுக்கு ஊறவெச்ச அரிசியையா போடறது?"

கல் மறுபடி சுற்றத் தொடங்கியது.

பெஞ்சில் இருந்த சைக்கிள் கடை மாரியப்பன் டீயைக் கீழே வைத்தார்.

செல்லி விஷயம் அந்தத் தெருவுக்கே தெரியும். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். புருஷனோடு கப்பலேறி வந்து, தாயகம் திரும்பியவர்களுக்கென்று மாநில எல்லைப் பக்கம் இருந்த ஒரு குடியிருப்பில் இருந்தாள். போன வாரம், முழங்கையில் சூடு போட்ட காயத்தோடு இதே ரயிலில் வந்து இறங்கினாள்.

அரிசியும் உதவிப் பணமும் புருஷன் பெயரில் இருந்த குடும்ப அட்டைக்குத்தான். அவனை விட்டுப் போனால் சர்க்கார் திரும்பவும் கப்பலேற்றிவிடும் என்று அவன் சொல்லியிருந்தான். அவள் அதை நம்பியிருந்தாள். அதெல்லாம் கிடையாது, அவனைப் போல அவளும் இந்தியப் பிரஜைதான் என்று பங்குச் சாமியார் சொல்லி, தனி அட்டைக்கு மனு எழுதிக் கொடுத்தார். நாளைக் காலை பத்து மணிக்கு அரூர் தாலுகா ஆபீசில் விசாரணை. அங்கே புருஷன் வந்து நின்று, "வீட்டுச் சண்டை, நான் கூட்டிப் போறேன்" என்று சொல்லிவிட்டால் மனு அதோடு சரி.

"இருந்தா தம்பி, இல்லேங்கல," என்றாள் லூர்தம்மாள். "நேத்துதான் சித்தேரி மலைக்குப் போனா. அங்க எங்க அக்கா வூடு இருக்குது. காட்டு வேலைக்கு ஆள் வேணும்னாங்க. அனுப்பி வெச்சேன்."

மாரியப்பன் அவளை வெறித்துப் பார்த்தார்.

"மலைக்கா?" கருப்பண்ணன் சிரித்தான். "நெனச்சேன். இந்தியாவுக்கு வந்த நாள்லேருந்து மலை மலைன்னுதான் அழுவா. இந்த வெயில்ல இருக்க முடியலையாம். வேற எங்க போவா?"

"கூட்டிட்டுப் போங்க. பொண்டாட்டின்னா புருஷன்கூட இருக்கறதுதான் மரியாதை."

"அதான் அக்கா நானும் சொல்றேன். ஏதோ ஒரு நாள் தெரியாம கை பட்டிருச்சு."

"படும், படும். போண்டா சாப்பிடறீங்களா?"

மாரியப்பனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "லூர்தம்மா, நீ என்ன..."

"நீங்க டீயைக் குடிங்க. ஆறுது."

வெளியே ஹார்ன் சத்தம் கேட்டது. நாலு போண்டாவைக் காகிதத்தில் சுற்றிக் கருப்பண்ணன் கையில் கொடுத்துவிட்டு, லூர்தம்மாளே ரோட்டுக்குப் போய்க் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினாள்.

"செபாஸ்டின், இவருக்குச் சித்தேரிக்கு ஒரு டிக்கெட் போடு. காசு என் கணக்கு. ஊருக்குப் புதுசு, நடுவுல எங்கயும் எறங்கிரப் போறாரு. பக்கத்துலயே உக்கார வெச்சுக்க."

கண்டக்டர் தலையாட்டினான். பஸ் போயே போய்விட்டது.

கடைக்குள் திரும்பியவளை மாரியப்பன் பிடித்துக்கொண்டார்.

"நீயெல்லாம் கோயிலுக்குப் போயி முழங்கால் போடற. நம்பி வந்த பொண்ணை, போண்டா கட்டிக் குடுத்துக் காட்டிக் குடுக்கறியே. இனிமே இந்தக் கடையில பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

"புருஷன்னா ரெண்டு அடி அடிப்பான், பேசாம ரயிலேத்தி விடுன்னு போன வாரம் சொன்னது யாருங்க?"

"அது அன்னைக்கு. அந்தக் காயத்தை நான் அப்புறந்தான பாத்தேன்?"

அப்போது கடையில் வேலை பார்க்கும் குள்ளம்மாள் இடுப்பில் குடத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"கொழாயில ஒரே சண்டை ஆத்தா. அப்பப் போனவ, இப்பத்தான் ஒரு கொடம் புடிச்சேன்."

மாரியப்பன் அவளைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். உள்ளே கல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"செல்லி, போதும்மா, கையைக் கழுவு," என்றாள் லூர்தம்மாள். "மாவு வெண்ணெயா ஆயிருக்கும்."

கல் நின்றது. உள்ளேயிருந்து ஒரு விசும்பல் கேட்டது. குள்ளம்மாள் குடத்தை இறக்கிவிட்டு உள்ளே ஓடினாள்.

மாரியப்பனின் குரல் இறங்கியிருந்தது. "காலையில திரும்பி வந்துட்டான்னா?"

"மலை பஸ்ஸு ராத்திரி அங்கயே தங்கிரும். நாளைக்கு மத்தியானந்தான் எறங்கும். அதுக்குள்ள அவரு எங்க அக்கா வூட்டைத் தேடட்டும். மேல ஊருக்கு ஊரு நடைதான்."

"உனக்கு சித்தேரியில அக்கா இருக்கறது எனக்கே தெரியாதே."

"எனக்கு ஏதுங்க அக்கா? ஞாயித்துக்கிழமை சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றதுக்கு இன்னைக்கு ஒரே நாள்ல பொய் நெறைய சேந்துபோச்சு." கிளாஸ்களை அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள். "விசாரணைக்கு உள்ளூர் ஆளு ஒருத்தர் சாட்சிக்கு வரணுமாம். பொம்பள நான் மட்டும் சொன்னாப் போதாதாம்."

மாரியப்பன் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார்.

"எத்தனை மணி பஸ்ஸுக்கு வரணும்?"

1985 மார்ச் 14-ஆம் தேதி செல்லிக்குத் தனி அட்டை வந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.