சோளப்பொரிக் கணக்கு

கறுப்புக் கோட்டும் தோல் பையுமாக, காலை ஒன்பது மணிக்கே அலுவலகத்துக்குள் நுழைந்த மனிதரைப் பார்த்ததும் ஓரெஸ்ட் குசிக் மேஜை இழுப்பறையைச் சட்டென்று மூடினார்.

"ரோஸ்டன் எல்க்ஸ் ஐஸ் ஹாக்கி கிளப் மேனேஜர் நீங்கதானே?"

"ஆமா சார். நீங்க?"

"பேரு பிம். உங்க ஆட்டக்காரன் டேனிக் லவாலே விஷயமா வந்திருக்கேன்." கையுறையைக் கழற்றினார். "கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் எடுங்க."

போச்சு! போட்டிகளை நடத்தும் லீக்கிலிருந்து ஒரு நாள் ஆட்கள் வருவார்கள் என்று டிக்கெட் கவுன்ட்டர் டெல்மா கரடியாய்க் கத்தியிருந்தாள். ஜூனியர் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் என்று ஒரு காசு கொடுக்கக்கூடாது. கொடுத்தது தெரிந்தால் கிளப்பையே இழுத்து மூடிவிடுவார்கள்.

ஆனால் ஓரெஸ்ட்தான் என்ன செய்வார்? டேனிக்குக்குப் பத்தொன்பது வயது. போன குளிர்காலத்தில் அவன் அப்பாவுக்குச் சுரங்கத்தில் இடுப்பு ஒடிந்து, வீட்டில் வருமானம் நின்றுபோனது. "நான் ஆட்டத்தை விட்டுட்டு வேலைக்குப் போறேன் ஓரெஸ்ட்" என்று மட்டையைக் கீழே வைத்தவனை, தோளைப் பிடித்து உட்கார வைத்தவர் அவர்தான். பையன் பனித்தளத்தில் இறங்கினால் அறுநூறு பேர் டிக்கெட் வாங்குகிறார்கள். இறங்காவிட்டால் வருவதே எண்பது பேர், அதிலும் பாதிப் பேர் பையன்களின் சொந்தக்காரர்கள். அவர்களுக்கு இலவசம்.

பிம் பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"வாரா வாரம் முந்நூறு டாலருக்குச் சோளப்பொரியா?"

"எங்க ஊர்க்காரங்க நல்லா சாப்பிடுவாங்க சார்."

"ஊர்ல மொத்தமே ஆயிரத்து இருநூறு பேர், மிஸ்டர் குசிக். மாடா அவங்க?"

மைனஸ் முப்பது குளிரிலும் ஓரெஸ்டுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. மேலே மறைப்பதில் பிரயோசனம் இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முந்நூறு டாலரும் டேனிக்குக்குத்தான். வண்டிக்குப் பெட்ரோல் தனி. மதியச் சாப்பாடு டெல்மா வீட்டில்.

"முந்நூறு. அதுக்கு மேல ஒண்ணும் இல்லையே?"

"சத்தியமா இல்ல சார்."

"வேற கிளப் யாராவது அவன்கிட்ட பேசினாங்களா?"

"யாரும் பேசல."

பிம் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். கதவருகே நின்றிருந்த டெல்மா, ஓரெஸ்டைப் பார்த்துக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தேய்த்துக் காட்டினாள். ஓரெஸ்ட் தொண்டையைக் கனைத்தார்.

"இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்க. போக்குவரத்துச் செலவுக்கு ஏதாவது..."

"நான் காசு வாங்க வந்தவன் இல்ல," என்றார் பிம் கறாராக. "பையன்கிட்ட தனியா பத்து நிமிஷம் பேசணும்."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பயிற்சியில் இருந்த டேனிக்கை அவர் கைகாட்டி அழைப்பதை ஓரெஸ்ட் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் முகம் முதலில் வெளுத்தது. பிறகு தலை குனிந்தது. ஒருமுறை ஓரெஸ்ட் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று கண்ணை விலக்கிக்கொண்டான்.

"என்னால பிள்ளைக்கு இந்தக் கதி," என்று முனகினார் ஓரெஸ்ட்.

"இப்ப அழுது என்ன பண்றது? அப்பவே சொன்னேன், கேட்டியா?" என்றாள் டெல்மா. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

திரும்பி வந்த பிம், பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. விஷயம் இதோட முடிஞ்சுது."

ஓரெஸ்ட் எடுத்துப் படித்தார். 'டேனிக் லவாலேவுக்கும் எங்கள் கிளப்புக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. அவர்மேல் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.'

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த மனிதர் தண்டனை கொடுக்க வரவில்லை, காப்பாற்ற அல்லவா வந்திருக்கிறார்! மறுவார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். கிளப் முத்திரையையும் தேடி எடுத்துக் குத்தினார்.

"உங்களை மாதிரி நல்லவங்களை நான் பார்த்ததே இல்ல சார்."

"உங்களை மாதிரி ஒருத்தரை நானும்தான்," என்று கை குலுக்கினார் பிம். டெல்மா சுடச்சுடப் பெரோகிக் கொழுக்கட்டை ஒரு டப்பா நிறையக் கட்டிக் கொடுத்தாள். அதை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

வாசலில் டேனிக் தயங்கி நின்றான். "மன்னிச்சிடு ஓரெஸ்ட். அப்பாவோட வைத்தியத்துக்கு..."

"உன்மேல ஒரு தப்பும் இல்லடா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. போய் ரெஸ்ட் எடு."

அன்று மாலையே பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டான். ஃபோன் அடித்தாலும் எடுக்கவில்லை. "பயந்துட்டான். அம்மா கையால நாலு நாள் சாப்பிட்டுட்டு வந்துடுவான்," என்று கேட்டவர்களுக்கெல்லாம் சமாதானம் சொன்னார் ஓரெஸ்ட்.

சனிக்கிழமை பர்ச் லேக் கிளப்போடு ஆட்டம். அவர்களுடைய பஸ் அரங்க வாசலில் வந்து நின்றது. பச்சைச் சட்டைக்காரர்கள் வரிசையாக இறங்கினார்கள். ஐந்தாவதாக இறங்கியவன் டேனிக். அவனும் பச்சைச் சட்டைதான் போட்டிருந்தான்.

ஓரெஸ்டுக்குத் தலை சுற்றியது. அடுத்த நொடியே கோபம் தலைக்கேறியது.

"பாத்தியா டெல்மா! காசைக் காட்டி நம்ம பிள்ளையை இழுத்துட்டானுங்க! இரு, லீக் ஆபீசுக்கு ஃபோன் போட்டு அந்த பிம்மைக் கூப்பிடறேன். அவர் வந்தார்னா இவனுங்க தோலை உரிச்சிடுவார்!"

கூப்பிட அவசியமே இல்லாமல், பர்ச் லேக்கின் புது மேனேஜர் பிம், பச்சைத் தொப்பியைச் சரிசெய்தபடி பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கிக்கொண்டிருந்தார்.