ஏற்பியே இல்லாத செல்

“அறிக்கையை மாத்த மாட்டேன் சார். ஹார்மோன் வந்து ஒட்டுற ஏற்பியே இல்லாத செல்லுலயும், அதைக் கண்டுபிடிக்க நீங்க விக்கிற ஆன்டிபாடி ‘ஏற்பி இருக்கு’ன்னு காட்டுது” என்றாள் ஆய்வுக்கூடத் தலைவி.

ஆன்டிபாடி நிறுவனத்து மேலாளர் பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றை மேசையில் போட்டார்.

“இதைவிடத் துல்லியமான ஆன்டிபாடி கிடையாதுன்னு எழுதி, விருதே வாங்கினவங்க இவங்க. இவங்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?”

“அவங்க அவசரப்பட்டுட்டாங்க. ஏற்பி இல்லாத செல்லுல சோதிச்சே பாக்கலை.”

“அதை அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லத் தைரியம் இருக்கா?”

“தினமும் கண்ணாடியில பாத்துச் சொல்றேன் சார். அந்தக் கட்டுரையில எங்கப்பா இனிஷியல், இப்ப வீட்டுக்காரர் இனிஷியல். ஆள் நான்தான்.”

மேலாளர் கட்டுரையில் இருந்த பெயரை மறுபடி படித்தார். விருதை அவள் நேற்றே திருப்பி அனுப்பியிருந்தாள். இப்போது, கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.