நீல நாக்கு

கட்டம் போட்ட சட்டைக்காரர் கடைக்குள் வந்ததும் கண்ணாடிப் பெட்டி மேல் குனிந்து, நகைக்கடையில் மோதிரம் பார்ப்பவரைப் போல ஒவ்வொரு பென் டிரைவாகப் பார்த்தார்.

"வேகமா இருக்கணும். விலையும் கையைக் கடிக்கக் கூடாது."

இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்பவர்களைக் கடைக்காரருக்குப் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துத் தருவதாகச் சொல்வதுதான் அவர் தொழில்.

"இதை எடுத்துக்குங்க சார். எவ்வளவு வேகம்னு டப்பாவுலயே போட்டிருக்கான் பாருங்க."

"அது படிக்கிற வேகம். எனக்கு எழுதுற வேகம் வேணும். அதை எவனும் டப்பாவுல போட மாட்டான்."

விஷயம் தெரிந்த ஆள். கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ செருகுற வாய்க்குள்ள நீல பிளாஸ்டிக் நாக்கு இருக்கான்னு பார்த்து வாங்கணும் சார். கறுப்பு நாக்குன்னா கட்டை வண்டி. ஆமா, என்னத்தை ஏத்தப் போறீங்க?"

வந்தவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தரோட கம்ப்யூட்டர்ல இருக்கிறதை மொத்தமா எடுக்கணும். அவருக்குத் தெரியாம. மனுஷன் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சாகணும்."

"கை எப்படி, நிதானமா கழுவுவாரா?"

"எங்கே. நனைச்சுட்டு வந்துடுவார்."

கடைக்காரர் சட்டென்று எழுந்தார். "உள்ள நல்ல சரக்கு இருக்கு, எடுத்துட்டு வர்றேன்" என்று பின்னறைக்கு ஓடினார்.

அங்கே மேசை விளக்கின் கீழ் அவர் மனைவி பென் டிரைவ்கள் மேல் இடுக்கியால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் கண்ணாடிப் பெட்டியில் இருப்பவை அசல். இவை, மறுபடி கடைப் பக்கம் வரமாட்டார்கள் என்று தோன்றும் முகங்களுக்கு. எட்டு ஜி.பி. பென் டிரைவ் அவள் கை பட்டதும் இருநூற்று ஐம்பத்தாறு ஜி.பி. ஆகிவிடும். நீல நாக்கும் அவள் உபயம்தான், நகப்பூச்சு. கம்ப்யூட்டரில் செருகினாலும் அது இருநூற்று ஐம்பத்தாறு என்றே சாதிக்கும். எட்டு வரை வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும், மாமியாரின் புத்திமதியைக் கேட்கும் மருமகனைப் போலத் தலையாட்டும். உள்ளே எதுவும் போகாது, முன்னால் வாங்கியதும் அழிந்துபோகும்.

இதைக் கடைக்காரர் மோசடி என்று நினைத்ததே இல்லை. பென் டிரைவின் தன்னம்பிக்கை என்றுதான் நினைத்தார்.

"ஏம்மா, வந்திருக்கிறவன் திருடன்."

"நம்ம கடையிலயா?"

"இல்லை, வேற எவன் கம்ப்யூட்டரையோ திருடப் போறான்."

"அப்ப நமக்கென்ன? வித்துட்டு வாங்க."

"யோசிச்சுப் பேசு. நாளைக்கு அவன் மாட்டினா, இதை எங்கடா வாங்கினேன்னு கேப்பாங்க. போலீஸ் நேரா இங்க வரும். இந்த மேசையைப் பார்த்துச்சுன்னா கடையும் போச்சு, மானமும் போச்சு."

"அப்ப இல்லைன்னு சொல்லி அனுப்புங்க."

"பக்கத்துக் கடையில வாங்கித் திருடுவான். அடுத்தவன் சொத்து பறிபோறதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க என் மனசாட்சி ஒத்துக்காது."

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு அது எப்பங்க வந்துச்சு?"

கடைக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நகப்பூச்சு காய்ந்திருந்த ஒன்றை எடுத்து ஊதினார். "இதைக் குடுக்கிறேன். எல்லாம் ஏறின மாதிரி காட்டும். போய்த் திறந்து பார்த்தா காலி. திருட்டே நடக்கலைன்னா போலீஸ் எதுக்கு வரப்போகுது?"

"அசல் விலைதானே போடுவீங்க?"

"பாதி விலை. தர்ம காரியம்."

வந்தவர் பென் டிரைவை வாங்கி நீல நாக்கைப் பார்த்தார். பிறகு முகர்ந்தார்.

"நெயில் பாலிஷ் வாசனை வருதே."

"புதுச் சரக்கு சார்."

அவர் சந்தோஷமாகப் போனார். கடைக்காரர் அதைவிடச் சந்தோஷமாக இருந்தார். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, தன்னைப் போல் நாலு பேர் இருந்தால் நாடு உருப்படும் என்று மனைவியிடம் சொன்னார். நாலு ஸ்டிக்கர் ஒட்டினால் வீடு உருப்படும் என்றாள் அவள்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியபோது வாசலில் கட்டம் போட்ட சட்டைக்காரர் நின்றார். முகம் தொங்கிப் போயிருந்தது. அவருக்கு இந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரர், அந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரர். பின்னறைக் கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

மூத்த போலீஸ்காரர் பென் டிரைவைக் காட்டினார். "இது இங்க வாங்கினதா?"

கடைக்காரருக்கு மூளை வேகமாக வேலை செய்தது. திருடன் மாட்டிக்கொண்டான். முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டால் தனக்கு ஒரு கெடுதலும் வராது.

"ஆமா சார். இவன் மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, திருட்டு முழி. எவன் கம்ப்யூட்டரையோ காலி பண்ணப் போறேன்னு என்கிட்டயே சொன்னான். அதான் அசலைக் குடுக்காம, வேணும்னே நாங்க கையால செய்யிற போலியைக் குடுத்து அனுப்பினேன். எட்டைத் தாண்டினா உள்ள ஒண்ணுமே நிக்காது சார். அந்த நீலம்கூட என் சம்சாரத்தோட நெயில் பாலிஷ்தான். சந்தேகம்னா உள்ள வாங்க, பெட்டி நிறைய இருக்கு, காட்டுறேன். பாராட்டெல்லாம் வேண்டாம் சார். ஒருத்தர் சொத்தைக் காப்பாத்தினேன், அந்தத் திருப்தி போதும்."

பின்னறையில் இடுக்கி விழும் சத்தம் கேட்டது.

மூத்த போலீஸ்காரர் கட்டம் போட்ட சட்டைக்காரர் பக்கம் திரும்பி விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "இன்ஸ்பெக்டர் ஐயா, போலி பென் டிரைவ் கேஸுக்கு அந்தாள் கம்ப்யூட்டர்லேருந்து எடுத்த ஆதாரம் எதுவுமே இதுக்குள்ள ஏறலைன்னு நேத்துலேருந்து புலம்பிட்டிருந்தீங்களே, இனிமே எதுக்கு ஏறணும், இதுவே ஆதாரம்தானே."